கூடப் பிறந்த கொழுப்பு

டிரைவிங் ஸ்கூல் கார்களில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுடைய பிழைப்பே அந்தப் பிரேக்கில்தான். அன்று பழக வந்த பெண் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்ப மறந்து, மதிலை நோக்கிக் காரை விட்டாள். இவள் காலை அழுத்தினாள். கால் அழுந்தியதா இல்லையா என்றே தெரியவில்லை. பதறிப்போய் இடது காலைக் குறுக்கே போட்டு மிதித்தாள். முன்பக்க விளக்கு நொறுங்கியதோடு போயிற்று.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பல மாதங்களாகவே நாலு எட்டு வைத்தால் ஆடுதசை இறுகிக்கொள்ளும், நின்றால் விடும். சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண் ஆறாமல் கறுத்துக்கொண்டு வந்தது. செருப்பு கடித்தது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் தம்பிதான் கூட வந்தான். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். வீட்டில் அவனுக்குப் பெயரே 'புகைவண்டி'. அவர்கள் அப்பா சிகரெட்டால்தான் ஒரு காலை இழந்தார் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த வீடு அது. அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. தம்பி மட்டும் விடவில்லை.

அவளால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடப்பாள், கால் இழுக்கும், சுவரைப் பிடித்து நிற்பாள், மறுபடி நடப்பாள். தம்பி வாசலுக்கும் நாற்காலிக்குமாக அலைந்தான்.

"இன்னொரு தடவை வெளியில போனே, கொன்னுடுவேன்."

"பயத்துல போறேன்க்கா."

"கால் எனக்குடா!"

டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். தொடையிலிருந்து இறங்கும் ரத்தக்குழாய் முழங்காலுக்கு மேலேயே அறுந்த கோடு போல நின்றிருந்தது.

"நான் சிகரெட் பிடிக்கல. சர்க்கரை இல்ல. பிறகு ஏன் எனக்கு?"

"புகை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் காரணம்தான். ஆனா எவ்வளவு சீக்கிரம் வரும், எவ்வளவு மோசமாகும்கிறதுல பரம்பரைக்கும் பங்கு உண்டு. உங்க ரத்தத்துல ஒரு வகைக் கொழுப்பு ரொம்ப அதிகம். அது பிறவியிலேயே வர்றது. சாப்பாட்டைக் குறைச்சாலும் பெருசா இறங்காது. உங்க அப்பாவுக்கும் இருந்திருக்கலாம். சிகரெட், எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்தியிருக்கும்."

"எனக்குக் கொழுப்பு அதிகம்னு அம்மா அப்பவே சொன்னாங்க" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.

தம்பியையும் சோதித்தார்கள். கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா அவனிடம் சொன்னார்: "அந்தக் கொழுப்பு உங்களுக்கு இல்ல. ஆனாலும் லேசா அடைப்பு இருக்கு. அது நீங்களே சம்பாதிச்சது. இப்ப விட்டா அதோட நிறுத்தலாம்."

அவன் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அவளுக்கு ஒரு கணம் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஊதினவன் நிற்கிறான், ஊதாதவள் விழுகிறாள். இது என்ன கணக்கு?

தொடையிலிருந்தே வேறொரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றி மாற்றுப்பாதை போட்டார்கள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போயின. கால் தப்பியது. கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என் பொண்ணு டெஸ்ட் எடுத்தாளா?"

மகள் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர். நாள் முழுக்க நின்றபடி வேலை. "தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறேன்?" என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள். அம்மா விடவில்லை. போனில் கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கட்டுப் பிரித்த அன்று மகளே வந்து கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள்.

முடிவைச் சேர்ந்தே வாங்கப் போனார்கள். மகளுக்கும் அந்தக் கொழுப்பு அதிகம்தான்.

"அடைப்பு எதுவும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "வயசு உங்க பக்கம். இந்தக் கொழுப்பை இறக்குறது கஷ்டம், ஆனா மத்த கெட்ட கொழுப்பை மாத்திரையால அடக்கலாம். நடங்க, புகை பக்கம் போகாதீங்க, வருஷா வருஷம் வாங்க."

வெளியே வந்ததும் மகள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். அம்மா கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்தாள். தெரு முனை வரை போனவள் அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

"மாமாவுக்கு வராதது எனக்கு ஏம்மா வரணும்?"

"தெரியலடி. நானும் அதைத்தான் கேட்டேன்."

"உங்க மேல கோவமா வருது."

"வரட்டும். மாத்திரையை மட்டும் போட்டுடு."

மகள் எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போகச் சாலையில் இறங்கினாள். பாதியில் நின்று, கை நீட்டி வண்டிகளை நிறுத்தி, அம்மா வரட்டும் என்று காத்திருந்தாள்.