பன்னிரண்டாவது நரி

பெருங்களத்தூர் மலையடிவாரத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த தனசிங், 1966 கோடையில் மட்டும் நாற்பது கோழிகளை நரிகளுக்குப் பறிகொடுத்தார். நரி வால் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் தருவதாக அவர் சொன்னதும், பல்லாவரம் சந்தையில் பழைய இரும்பு விற்கும் முஸ்தபா பொறிகளோடு வந்து சேர்ந்தார். இரண்டே மாதத்தில் பதினோரு வால்கள் கொண்டுவந்தார்.

பன்னிரண்டாவது நரி வேறு மாதிரி இருந்தது. பொறி காலைக் கவ்வியிருந்தும் அது திமிறவில்லை. வாயில் நுரை தள்ள, நல்ல வெயிலில் தள்ளாடிக்கொண்டு நின்றது. முஸ்தபா நெருங்கியதும் பாய்ந்து கையைக் கடித்துவிட்டது.

நரியை அடித்துக் கொன்றபின், "ஊசி போட்டுக்கணுமா சார்?" என்று கேட்டார் முஸ்தபா.

பதினான்கு நாள் வயிற்றில் போடுவார்கள் என்று தனசிங்குக்குத் தெரியும். அதுவரை பொறிகள் சும்மா கிடக்கும்.

"லேசான கீறல்தானே? சோப்பு போட்டுக் கழுவுங்க. ஒண்ணும் ஆகாது," என்றார்.

ஆறு வாரம் கழித்து முஸ்தபா வேலைக்கு வரவில்லை. தனசிங் தேடிப் போனபோது அவர் வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தார். மனைவி நூர் பீவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அதைக் கண்டதுமே அவர் தொண்டை இழுத்துக்கொண்டது, உடம்பெல்லாம் உதறியது.

"ரெண்டு நாளா இப்டித்தான் கீது சார்," என்ற நூர் பீவி, தனசிங்கின் முகத்தையே பார்த்தாள். "நரி கடிச்சன்னிக்கு ஊசி போடணுமான்னு உங்கள கேட்டாராமே. இன்னா சொன்னீங்க?"

முஸ்தபாவின் கண்களும் அவர்மேல் நிலைகுத்தி நின்றன.

"போடத்தாம்மா சொன்னேன்," என்றார் தனசிங்.

முஸ்தபா ஏதோ சொல்ல முயன்றார். தொண்டையிலிருந்து இழுப்பு மட்டுமே வந்தது. மறுநாள் மாலை அவர் உயிர் பிரிந்தது.