மெத்தை நாரும் பச்சைத் தண்ணீரும்

கல்யாணத்தின்போது வாங்கிய மெத்தையை அவள் கிழித்ததை வீட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. பாயில் புரண்டு படுக்கும்போதெல்லாம் ஒரு கிண்டல், அவ்வளவுதான்.

“நம்ம மெத்தை நார்ல நிக்கல் தண்ணி சுகமாப் படுத்துத் தூங்கி, அதே பச்சையா எழுந்து வந்துச்சு. இடுப்பு வலி மட்டும் எனக்கு.”

“அந்த நார்ல ரப்பர் பால் பூசியிருந்துச்சுங்க. அப்புறம் உலோகம் எங்க ஒட்டும்? வேதியியல் படிச்ச நானே கோட்டை விட்டுட்டேன், போதுமா?”

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவர் தண்ணீர்க் குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசினார். பூசியதைக் கழுவிய தண்ணீர், வடிகால் வழியாகப் பக்கத்து நாற்றுப் பண்ணைத் தொட்டியில் போய்க் கலந்தது. பண்ணை அவருடைய சொந்த அண்ணனுடையது. போன கோடையில் நாற்றுகள் வரிசையாக வெளிறிச் செத்தன. வடிகாலை அடைத்த கையோடு, இரண்டு வளாகத்துக்கும் நடுவே இருந்த கதவையும் அண்ணன் பூட்டினார். தம்பியிடம் பேச்சையும் நிறுத்தினார். அன்றிலிருந்து கழுவிய தண்ணீர் கொட்டகையிலேயே பீப்பாய் பீப்பாயாகத் தேங்கிக் கிடந்தது. அதிலிருந்த நிக்கலைத் தேங்காய் நாரில் ஒட்டவைத்து வடிகட்டத்தான் அவள் மெத்தையைக் கிழித்தாள்.

அவளுக்கோ அந்தப் பூட்டுதான் கண்ணை உறுத்தியது. அவளும் ஓரகத்தியும் அந்தக் கதவருகே நின்று அளந்த கதை கொஞ்சமா? இப்போது சுவரின் இரண்டு பக்கமும் நின்று இருமிக்கொள்கிறார்கள்.

இந்த முறை கயிறு திரிக்கும் இடத்திலிருந்து பூச்சில்லாத தேங்காய் நாராக வாங்கிவந்தாள். குழாய்களின் பிசுக்கெடுக்கக் கொட்டகையில் காஸ்டிக் சோடா எப்போதும் உண்டு. கையுறை போட்டுக்கொண்டு அதை நீர்க்கக் கரைத்து, உலோகம் நன்றாக ஒட்டும்படி நாரை ஊறவைத்தாள். ஊறியதைக் கழுவிப் பீப்பாயில் அடைப்பது வீட்டுக்காரர் பங்கு.

எல்லாம் தயாரானதும் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “மாமா, ஒரு தடவை வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டாள். அண்ணன் தெருவழியாகச் சுற்றிக்கொண்டு, விருந்தாளி மாதிரி வந்து நின்றார்.

பச்சைத் தண்ணீரைப் பீப்பாயின் மேலே மெல்ல ஊற்றினாள். அடியிலிருந்த குழாயில் சொட்டத் தொடங்கியது. தேநீர் நிறத்தில்.

“முன்னாடியாவது பார்க்க அழகா இருந்துச்சும்மா” என்றார் அண்ணன், அவளிடம் மட்டும். திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். “ஏங்க, நாரைச் சாயம் போகக் கழுவினீங்களா?”

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “குனிய முடியலைடி. பாயில படுத்த இடுப்பு. கொஞ்சத்தை அப்படியே அடைச்சிட்டேன்.”

“மாமா, நில்லுங்க! இது வெறும் நார்ச் சாயம். சரியாக் கழுவாத மகராசன் இதோ நிக்கிறார். கண்ணை நம்பாதீங்க, இந்தச் சோதனைத் தாளை நம்புங்க. நிக்கல் பட்டா சிவக்கும். நீங்களே தோய்ச்சுப் பாருங்க.”

நாரைத் தொடாத தண்ணீரில் அவர் தோய்த்த தாள் ரத்தமாய்ச் சிவந்தது. சொட்டிய தண்ணீரில் இன்னொன்றைத் தோய்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தார். தாளில் லேசான பழுப்பு. சிவப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னொரு தாள் குடு.” அதுவும் சிவக்கவில்லை. “நாருக்கு வயிறு நிறைஞ்சா?”

“அமிலத்துல அலசினா நிக்கல் கழண்டு வரும். எங்க முலாம் தொட்டிக்கே போயிடும் மாமா. உங்க தொட்டிக்கு இல்ல.”

“ஆய்வகத்துலயும் ஒரு தடவை காட்டிடுங்க. அதுவரைக்கும் என் செடிக்கு ஒரு சொட்டு கிடையாது.” பிறகு தம்பி பக்கம் திரும்பினார். “டேய் மினுக்கா.”

கையில் கிடைத்ததையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கும் தம்பிக்கு அண்ணன் வைத்த பெயர் அது. கேட்டு ஒரு வருஷமாகிறது. மினுக்கனின் முகம், முலாம் தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த குழாய் மாதிரி ஆனது.

“ஒரு வேலையை உருப்படியாச் செய்ய மாட்டியாடா? நாரை வெளிய எடு. நான் அலசறேன். உன் இடுப்பை நம்பினா விடிஞ்சிடும்.”

“இங்க தண்ணி கம்மியா வருதுண்ணே.”

“எங்க பக்கம் நல்லா வருது. குழாயை நீட்டிக்கலாம்.”

அவர் நடுக்கதவை நோக்கி நடந்தார். சாவியைத் தேடி வீட்டுக்குப் போவார் என்று அவள் நினைத்தாள். சட்டைப் பையிலேயே இருந்தது சாவி.

கதவு முனகித் திறந்தது. அந்தப் பக்கம் கதவோடு காதை ஒட்டி நின்றிருந்த ஓரகத்தி, தடுமாறி உள்ளே வந்து விழப் பார்த்தாள்.

“ஏண்டி,” என்றாள் இருமாமல், “மெத்தையைக் கிழிச்சிட்டியாமே? முழுசாச் சொல்லு.”