அண்டா மாமாவின் தட்டுகள்

புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து புது மருமகளுக்கு ஓயாத பசி. உடனே மாமியார் கொடுமை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்த வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, போடுகிற கைக்கும் கஞ்சத்தனம் கிடையாது. கோளாறு முழுக்க மருமகளிடம்தான். அவள் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பவள், அதற்கு முன்னால் போட்டிகளில் நீந்தியவள். தண்ணீரில் இறங்கி ஏறினால் அவளுக்கு ஒரு பானைச் சோறும் காணாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுடைய அம்மா அவளை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே ஒரு புத்திமதி சொன்னாள். "போற எடத்துல எடுத்த எடுப்புல உன் வயித்தக் காட்டிடாத. கொஞ்சமா சாப்பிடு. அப்புறம் மெல்ல மெல்ல ஏத்திக்கலாம்."

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. முதல் நாள் ஒரு கரண்டிச் சோற்றோடு "போதும் அத்தை" என்று எழுந்தவள், மறுநாள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது கரண்டி கேட்பாள்? பார்த்தவர்கள் "பாவம், குருவி மாதிரி கொறிக்குது" என்றார்கள். குருவி என்ற பேரை வாங்கிக்கொண்ட பிறகு குருவியாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. குளத்து லாக்கரில் ரொட்டியும் வேர்க்கடலையும், வீட்டு அலமாரியில் புடவைக்கு அடியில் பிஸ்கட்டுமாக அவள் காலத்தை ஓட்டினாள். அவள் கணவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். ஊரார் கண்ணிலெல்லாம் விளக்கடித்துப் பார்க்கிற அவனுக்கு, பக்கத்தில் படுத்திருப்பவளின் வயிறு கடமுடா என்று கத்துவது மட்டும் தெரியவில்லை.

இதைவிட அவளை உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. முதலில் எல்லாம் மாமியார் கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா? இது பிடிக்கலையா? நாளைக்கு வேற செய்யட்டுமா?" என்று கேட்பார். போகப் போக அந்தக் கேள்விகள் நின்றுவிட்டன. இப்போது பாத்திரங்களை மேசையில் வைத்துவிட்டு மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். தன்மேல் அவருக்கு ஏதோ மனத்தாங்கல் என்று மருமகள் நினைத்தாள். என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்து, அதில் இன்னும் பசித்தது.

மாமனார், மாமியாரின் கல்யாண நாள் வந்தது. ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு மாமியார் வீடே மணக்கச் சமைப்பாராம். இந்த வருடம், "எனக்கு அலுப்பா இருக்கு. வெளிய எங்கயாவது போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

சொல்லி வாய் மூடுவதற்குள் மாமனாரின் தம்பி இடத்தைப் பிடித்துவிட்டார். புதிதாகத் திறந்த ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரு பக்கம் ஜப்பான் நாட்டுச் சூஷி, ஒரு பக்கம் தாய்லாந்துச் சாப்பாடு. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் வயிறு தாங்கும்வரை தின்னலாம். ஆறிப்போனதை வரிசையாக வைத்திருக்கும் கடை இல்லை. மேசையில் இருக்கும் சின்னத் திரையில் கேட்டால், கேட்ட பிறகுதான் செய்து கொண்டுவருவார்கள்.

"நம்ம அண்டாவுக்குன்னே கட்டி வச்ச கடை. இன்னைக்குக் கடைக்காரன் தலையில துண்டு போட்டுக்கிட்டுப் போகப்போறான்," என்றார் சின்ன மாமனார்.

அண்டா என்பது மாமனாரின் பட்டப்பெயர். அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். ஆனால் சொந்தபந்தத்தில் அவரை யாரும் அந்த வேலைக்காக நினைவு வைத்திருக்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார் என்ற கதையைச் சொல்லாமல் சின்ன மாமனார் எந்த விசேஷத்தையும் முடித்ததில்லை.

கடைக்குள் நுழைந்ததும் சின்ன மாமனார் தானே உட்காரும் இடங்களைப் பிரித்தார். சுவரோரம் மாமனாரும் அவர் பக்கத்தில் மருமகளும். எதிரில் மாமியார், மகன், தான். "அண்ணன் சாப்பிடுறத நேருக்கு நேரா பாக்கணும்ல?" மேசையில் ஒட்டியிருந்த தாளில் கடையின் சட்டங்கள் இருந்தன. மீதம் வைத்தால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். தின்ற தட்டுகளைக் கடைசிவரை எடுக்கமாட்டார்கள். மேசையில் யார் அதிகம் சாப்பிட்டாரோ, அவருக்கு மீன் வடிவத்தில் ஒரு சிவப்புத் தொப்பி போட்டுப் படம் எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள். சின்ன மாமனார் தட்டுகள் எடுக்காத விஷயத்தை மட்டும் இரண்டு முறை உரக்கப் படித்தார்.

மருமகள் தனக்கென்று வெள்ளரிக்காய் ரோல் ஒன்றை மட்டும் கேட்டாள். குருவி என்றால் குருவி. அடுத்த மேசைக்கு வறுத்த இறால் போனது. எலுமிச்சைப் புல்லும் தேங்காய்ப்பாலும் மணக்க ஒரு கிண்ணம் அவள் காதோரமாகக் கடந்து சென்றது. அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டு வெள்ளரிக்காயைப் பார்த்தாள்.

மாமனாரின் முதல் தட்டு வந்தது. சால்மன் மீன் சுற்றிய ரோல்கள், மேலே பச்சையாக வசாபிக் காரம். அவர் ஒன்றை வாயில் போட்டார். சின்ன மாமனார் "ம், ஆரம்பிச்சாச்சு" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். பக்கத்தில் இருந்ததால் மருமகளுக்குத்தான் மீதி தெரிந்தது. மாமனாரின் நெற்றியில் வேர்வை பொடித்தது. இடது கை மேசைக்கு அடியில் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. தண்ணீரில் தசை பிடித்துக்கொண்ட பிள்ளைகளின் முகத்தை நிறையப் பார்த்தவள் அவள். வலியை வெளியே காட்டாமல் விழுங்குகிற முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன மாமா?" என்றாள், உதடு அசையாமல்.

"ஒண்ணுமில்லம்மா." சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, தேநீர் குடிப்பதுபோல் விழுங்கினார். அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டார். "வயித்துல புண்ணு. காரம், புளிப்பு ரெண்டும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க அத்தைகிட்ட மூச்சு விட்றாத, பதறிடுவா. மாத்திரையக்கூட அவ கடையில வாங்காம நாலு தெரு தள்ளிப் போய் வாங்குறேன்."

"அப்ப இங்க ஏன் வந்தீங்க?"

"சாப்பிடாத அண்டாவ யாரும்மா மதிப்பா?" என்று சிரிக்கப் பார்த்தார். பாவமாக இருந்தது.

தட்டில் ஐந்து துண்டுகள் பாக்கி. எதிரில் மூன்று ஜோடிக் கண்கள். மீதம் வைத்தால் பில்லில் ஏறும், சின்ன மாமனார் கேள்வி கேட்பார், குட்டு உடைந்துவிடும். மருமகள் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தாள். அதில் கருணை பாதி, பசி பாதி என்று சொன்னால் பசிக்குக் கொஞ்சம் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

"மாமா, அதை இப்படித் தள்ளுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். சின்ன மாமனார் திரையில் அடுத்த ஆர்டருக்குக் குனிந்தார், கணவன் உணவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான், மாமியார் தன் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது தட்டு காலி. மாமனாரின் வாய் சும்மா அசைந்துகொண்டிருந்தது.

"பாத்தியாடா உங்கப்பன?" என்று சின்ன மாமனார் தொடையில் தட்டினார்.

அதற்குப் பிறகு வெளுத்துக்கட்டினார்கள். வறுத்த இறால், வேர்க்கடலை தூவிய நூடுல்ஸ், தாய்லாந்துப் பச்சைக் குழம்பு, விலாங்கு மீன், காளான், பெயர் தெரியாத ஏதேதோ. கேட்பது மாமனார், உள்ளே போவது மருமகள். அவள் முன்னால் வெள்ளரிக்காய்த் தட்டு அப்படியே இருந்தது. எப்போது பார்த்தாலும் அதில் இரண்டு துண்டுகள் இருந்தன. எந்த இரண்டு துண்டுகள் என்று யாரும் கவனிக்கவில்லை. காலித் தட்டுகள் மட்டும் மாமனார் பக்கம் போய் அடுக்கேறின. கொஞ்ச நேரத்தில் அவருக்கே உற்சாகம் பிடித்துவிட்டது. திரையில் ஒரு படத்தைத் தொட்டுப் புருவத்தை உயர்த்துவார், அவள் கண்ணை மூடித் திறப்பாள், தட்டு வந்துவிடும். கொண்டுவருகிற பெண் ஆளுக்கொரு கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள வைத்திருந்த கறுப்புச் சாஸையும் எட்டிப் பார்த்து நிரப்பிவிட்டுப் போவாள். நடுவில் தனக்கென்று காரமில்லாத அவித்த முட்டைக் கிண்ணம் ஒன்றையும் ரகசியமாக வரவழைத்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பசி ஆறுவது ஒரு சுகம், அந்தத் திருட்டுக்குக் கூட்டாளி கிடைத்தது இன்னொரு சுகம்.

ஒரே ஒரு முகம்தான் சரியில்லை. தட்டுகள் உயர உயர மாமியாரின் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. நூடுல்ஸை ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்று, "நல்லாத்தான் இருக்கு. உப்பும் புளிப்பும் சரியா நிக்குது," என்றார். பாராட்டுகிற குரலில் இல்லை. பிறகு கணவர் முன்னால் இருந்த அடுக்கைப் பார்த்தார். "வெளிச் சாப்பாடு நல்லாவே எறங்குது போல."

மருமகளுக்குத் தொண்டையில் இறால் நின்றது. மாமனார் பேந்தப் பேந்த விழித்தார். இப்படி அளவில்லாமல் தின்பது மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்று அவள் எண்ணிக்கொண்டாள். நல்லவேளை, தின்பது நாம்தான் என்று தெரியாது.

கடைசியாக மாம்பழத்தோடு ஒட்டரிசி என்கிற பிசுபிசுச் சோறும் வந்து, அதுவும் போக வேண்டிய இடத்துக்குப் போனது. பரிமாறுகிற பெண் கையில் மீன் தொப்பியோடு வந்தாள். சின்ன மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். "வாம்மா வா, எங்க அண்ணனுக்குப் போடு."

அந்தப் பெண் நேராக மருமகளிடம் வந்து நின்றாள். "இவங்களுக்குத்தான் சார்."

"என்னம்மா நீ, தட்டு எங்க இருக்குன்னு பாரு."

"தட்டு அவர் முன்னாடிதான் இருக்கு. சாப்பிட்டது இவங்க." அவள் ஏதோ குடும்ப விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே சொன்னாள். "நான் தொட்டுக்குற சாஸ் ஊத்திட்டே இருக்கேன்ல? இவங்க கிண்ணத்துக்கு ஊத்தி மாளல. சாரோட கிண்ணத்தப் பாருங்க, கழுவி வச்ச மாதிரியே இருக்கு."

எல்லோரும் பார்த்தார்கள். மாமனாரின் சாஸ் கிண்ணம் ஒரு சொட்டுக்கூடப் படாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. மருமகளின் கிண்ணத்தைச் சுற்றி மேசையெல்லாம் கறுப்புச் சொட்டுகள். இந்த லட்சணத்தில் அவள் கன்னத்தில் ஒரு ஒட்டரிசிப் பருக்கை வேறு.

"நீயா?" என்றான் கண் பரிசோதிக்கிறவன்.

பூசி மெழுக வழியில்லை. மாமனார் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, பிடிபட்ட பையன் மாதிரி மேசையில் வைத்தார். வயிற்றுப் புண், டாக்டர், நாலு தெரு தள்ளிய கடை, முதல் தட்டின் நடுவே விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் தட்டில் பாதியை வைத்துவிட்டு "வேலை எடத்துலயே சாப்பிட்டுட்டேன்" என்று சொன்னதெல்லாம் பொய் என்றும் சொன்னார். மருமகளும் தலையைக் குனிந்துகொண்டு தன் அம்மாவின் புத்திமதியிலிருந்து புடவைக்கு அடியில் இருக்கும் பிஸ்கட்வரை ஒப்பித்தாள். இனி வருவது வரட்டும் என்றிருந்தாள்.

மாமியார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இத சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும். நடுவுல போட்டா என்னத்துக்கு ஆகும்?"

அவர் அட்டையைக் கீழே வைத்தார். பிறகு, மேசையைப் பார்த்துக்கொண்டே, மெல்லக் கேட்டார்.

"அப்ப என் சமையல் நல்லாத்தான் இருந்துச்சா?"

மருமகளுக்கு முதலில் விளங்கவில்லை.

"இவரு பாதி சாப்பாட்டுல எழுந்திரிச்சிடுறாரு. நீ ஒரு கரண்டியோட போதும்ங்குற. எனக்குக் கைப்பக்குவம் போயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். உப்பு தெரியலையா, நாக்கு செத்துப் போச்சான்னு தெனம் அடுப்புகிட்ட நின்னு நின்னு ருசி பாக்குறேன். வாய்விட்டுக் கேட்கவும் பயமா இருந்துச்சு. அதான் இன்னைக்கு சமைக்கவே மனசு வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்து இவரு இந்த வாங்கு வாங்குறதப் பாத்ததும், சரிதான், இனிமே அடுப்படிக்கே போக வேண்டாம்னு நெனச்சேன்."

இப்போது மருமகளுக்கு விளங்கியது. இவ்வளவு நாளும் தன்மேல் மனத்தாங்கல் என்று நினைத்தாளே, அந்த அம்மாள் தன் கையையே நொந்துகொண்டிருந்திருக்கிறார். "அத்தை, நீங்க கடைக்குக் கிளம்பினதும் நான் நேரா குழம்புச் சட்டிக்குத்தான் போவேன்," என்றாள். "அடியில ஒட்டினதுல ஒரு பிடி சோத்தப் போட்டுப் பெரட்டி, வழிச்சுத் தின்னுட்டுத்தான் கழுவுவேன். ஒரு நாள் சட்டி சுட்டு கை பொத்துக்கூடப் போச்சு."

கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனியில் தழும்பு இருந்தது. மாமியார் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். "சட்டி பளபளன்னு இருக்கேன்னு பாத்தேன். நல்லா தேய்க்கிறான்னு உங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன்டி." சிரிப்பில் பாதி அழுகை இருந்தது. மாமனாரும் சிரித்து, வயிறு வலித்து, நிறுத்தினார்.

"எனக்கு எதுவுமே தெரியலையே," என்றான் கணவன்.

"நீ மொதல்ல உன் கண்ண டெஸ்ட் பண்ணு," என்றார் சின்ன மாமனார். அவருக்குத்தான் பெரிய அடி. அண்டா கதை இனி செல்லாது. ஆனால் நாலு நிமிடத்தில் தேறிவிட்டார். "இவ்வளவும் நீயாம்மா?" என்று தட்டடுக்கைச் சுற்றி வந்து பார்த்தார். அடுத்த விசேஷத்துக்குக் கதை தயாராகிக்கொண்டிருந்தது.

தொப்பியை மாமியாரே வாங்கி மருமகள் தலையில் போட்டார். கன்னத்து அரிசியைத் தட்டிவிட்டு, படத்துக்குத் தானும் பக்கத்தில் நின்றுகொண்டார். மாமனாரை ஓரமாக நிற்கச் சொன்னார். "பொய் சொன்னதுக்குத் தண்டனை."

வீட்டுக்கு நடந்தே போனார்கள். ஆண்கள் பின்னால் வந்தார்கள். மாமியார் மருமகளின் கையைக் கோத்துக்கொண்டு, நாளையிலிருந்து மாமனாருக்குக் காரமில்லாமல் தனியாக என்னென்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே வந்தார். தெருமுனை திரும்பும்போது கேட்டார்.

"இப்பவாவது வயிறு நெறஞ்சுதா? நெசத்தச் சொல்லு."

மருமகள் கொஞ்சம் தயங்கினாள். அம்மாவின் புத்திமதி ஒரு முறை நினைவுக்கு வந்து போனது.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு அத்தை. ஆனா ஒரு வாய் சோறும் உங்க குழம்பும் சாப்பிட்டா நல்லா இருக்கும்."

மாமியார் கைப்பையில் வீட்டுச் சாவியைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நடையை எட்டிப் போட்டார்.