பெரியவளின் கள்ளிப்பெட்டி

அந்த வீட்டில் பெரியவள், சின்னவள் என்றால் இரண்டு மருமகள்கள். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். இரண்டு பேரும் வயலின். இரண்டு பேரும் ஒரே தந்தி இசைக்குழு. போதாக்குறைக்கு மேடையில் இசைத்தாள் வைக்க இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்டாண்டு. பெரியவள் குழுவில் சேர்ந்து பதினாலு வருஷம், சின்னவள் சேர்ந்து மூன்று. ஆனால் தலைவி நாற்காலியில் உட்காருவது சின்னவள். பக்கத்தில் உட்கார்ந்து இருவருக்குமாகத் தாள் புரட்டுவது பெரியவள். பாட்டின் நடுவில் தன் வில்லை நிறுத்திவிட்டு இன்னொருத்திக்காகத் தாள் புரட்டிப் பார்த்தால்தான் அந்த எரிச்சல் புரியும்.

அதையாவது பொறுத்துக்கொள்வாள். அவளால் தாங்க முடியாதது மாமனாரின் வயலின். கை நடுங்க ஆரம்பித்ததும் அவர் அதைத் தூக்கிச் சின்னவளிடம் கொடுத்துவிட்டார். "யார் கையில பேசுதோ அவகிட்ட இருக்கட்டும்மா" என்று பெரியவள் எதிரிலேயே சொன்னார். அப்படியென்றால் என் கையில் அது ஊமையாகவா இருந்திருக்கும்? மூத்தவள் என்று ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கக் கூடாதா? அன்றைக்குத் தன் வயலினை மட்டமான பலகையில் அடித்தது என்று வைது, கள்ளிப்பெட்டி என்று பேர் வைத்தாள். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் காரில் ஏறி, "அந்த வயலின் மட்டும் என்கிட்ட இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பாள். ஓட்டிக்கொண்டிருக்கும் புருஷன் "ம்" என்பான். மூன்று வருஷமாக அதே பேச்சு, அதே ம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரி மேற்கத்திய இசையின் பழைய பாணியான பரோக்கில் தொடங்கி, பின்னாளில் வந்த ரொமான்டிக்கில் முடிவதாக ஏற்பாடு. பரோக் உருப்படியைச் சின்னவள் துள்ளத் துள்ள வாசித்தாள். அடுத்து வந்த கிளாசிக்கல் உருப்படியிலும் கைதட்டல் அவளைப் பார்த்தே வந்தது. மூன்றாவது வரிசையில் மாமனார் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். இதே அவர், பெரியவள் வாசிக்கும்போது நிகழ்ச்சித்தாளால் விசிறிக்கொள்வார்.

இடைவேளையில் சின்னவள் தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுடைய வயலின் பெட்டி அறையில் திறந்தே கிடந்தது. யாரும் பார்க்காதபோது அந்த வயலினைக் குனிந்து பார்ப்பது பெரியவளின் வழக்கம். இன்றும் பார்த்தாள். இரண்டாவது தந்தியில், கழுத்தின் தலைப்பக்கம், மேலே சுற்றியிருக்கும் உலோகச் சரடு பிரிந்து மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அரை மணி தாங்காது. மாற்றுத் தந்தி பெட்டியிலேயே இருந்தது. மாட்ட இரண்டு நிமிஷம் போதும்.

சின்னவள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எல்லாம் சரியா இருக்காக்கா? நீங்க பாத்துட்டா எனக்கு நிம்மதி."

"சரியாத்தான் இருக்கு" என்றாள் பெரியவள்.

சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை. ஒரே ஒரு தடவை, அத்தனை பேர் நடுவில் அவள் திருதிருவென்று விழிக்கட்டும். மாமனார் கண்ணைத் திறந்து பார்க்கட்டும்.

ரொமான்டிக் உருப்படியின் மெதுவான பகுதியில் தலைவிக்கு நீண்ட தனி வாசிப்பு உண்டு. அதற்கு நாலு தாளத்தட்டு முன்னால் டப்பென்று தந்தி தெறித்தது.

சின்னவள் திருதிருவென்று விழிக்கவில்லை. பெரியவள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

தலைவியின் தந்தி அறுந்தால் பக்கத்தில் இருப்பவள் தன் வயலினைக் கொடுத்துவிட வேண்டும். இது குழுவின் வழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பவளே பெரியவள்தான். பொறாமையில் அவளுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. விரல்கள் கள்ளிப்பெட்டியை விட மறுத்தன. எதிரே செல்லோ வாத்தியக்காரர் வாசித்துக்கொண்டே அவளை முறைத்தார். கொடுத்தாள். மடியில் மாமனாரின் வயலின் வந்து விழுந்தது. வழக்கப்படி உள்ளே போய்த் தந்தி மாட்டியிருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

சின்னவள் கள்ளிப்பெட்டியைத் தோளில் வைத்துத் தொடங்கினாள்.

அது பாடியது. கரகரப்பு என்று பெரியவள் வருஷக்கணக்கில் திட்டிய அதே கீழ்த்தந்தியில் சின்னவள் நிதானமாக வில்லை அழுத்தினாள். கரகரப்பு உருகிக் கனத்த குரலானது. மேலே போனால் கீச்சிடும் என்று பெரியவள் பயந்து பயந்து தொடும் இடத்தில் சின்னவள் பாட்டுக்கு நின்று நிதானித்தாள். அரங்கில் ஒருவரும் இருமவில்லை. மூன்று வருஷம் ஆசைப்பட்ட வயலின் மடியில் கிடக்க, பெரியவள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் என்னோடு இருந்துவிட்டு, இவளிடம் போய் இப்படிப் பேசுகிறாயே என்று தன் வயலின் மேலேயே ஆத்திரம் வந்தது.

கச்சேரி முடிந்து உள்ளே வந்ததும் சின்னவள் கள்ளிப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னக்கா, இவ்வளவு நல்ல வயலின வெச்சுக்கிட்டா இத்தனை நாளா கள்ளிப்பெட்டி கள்ளிப்பெட்டின்னு சொல்லிட்டிருந்தீங்க? எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மாத்திக்கலாமா? மாமா வயலின நீங்க வெச்சுக்கோங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். கேட்டபடியே வரம் வந்து எதிரில் நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கச்சேரியில் மாமனாரின் வயலின் அவள் தோளில் இருக்கும். அப்போதும் அவர் நிகழ்ச்சித்தாளால் விசிறிக்கொண்டால்?

"வேண்டாம். அவங்கவங்களோடது அவங்கவங்ககிட்டயே இருக்கட்டும்" என்று வெடுக்கென்று வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு தெரு தாண்டியது. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றான் புருஷன், பழக்க தோஷத்தில். அவள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.