மீன்தொட்டிக்கு ஒரு வெளிச்சம்

தியாகதுருகத்தில் கடை வைத்து, மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பழனிக்கு வந்த வேலையை முடிக்கவே பொழுது பத்தாது. ஆனாலும் தை பிறந்ததிலிருந்து அவன் நினைப்பெல்லாம் வீட்டு மீன்தொட்டியிலேயே கிடந்தது.

அவன் மனைவி அம்சவள்ளிக்குச் சர்க்கரை. காலில் புண் வந்தபின் களையெடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கிறாளே என்று, கள்ளக்குறிச்சியில் மூடப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து பழைய தொட்டியை வாங்கிவந்து மூன்று தங்கமீன்களை விட்டான். அவள் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து பழகிவிட்டாள்.

"மீனுங்க மங்கலா தெரியுதுங்க. வூடு இருட்டா இருக்கறதால போல" என்றாள் ஒருநாள்.

உடனே பலகையில் மூடி செய்து, உள்ளே எல்இடி பட்டை விளக்கைப் பொருத்தினான். வெளிச்சம் பாதி பலகையோடு நின்றுபோனது. அதைக் கீழே திருப்ப விளக்குக்குப் பின்னால் எதையாவது ஒட்டியாக வேண்டும். ஓட்டலில் பார்சல் கட்டும் அலுமினியத் தாளை ஒட்டினான். எவ்வளவு நீவியும் சுருக்கம் போகவில்லை. தண்ணீரில் ஒளி திட்டுத்திட்டாக விழுந்தது.

"இப்ப எப்பிடி?"

"முன்னைக்குத் தேவலாங்க."

தேவலாம் என்றால் போதவில்லை என்றுதான் அவனுக்குப் பட்டது. ரசம் பூசிய கண்ணாடித் துண்டை வைத்தான். இரண்டே வாரத்தில் ஈரம் ஏறி, ரசம் உரிந்து கறுத்தது. எவர்சில்வர் தகடு ஒரே இடத்தில் பளீரென்று அடித்தது. மீன்கள் மிரண்டு மூலையில் ஒண்டின.

"பளபளப்பு எதுக்குப்பா?" என்றார் பக்கத்துக் கடை பெயின்டர் சடையன். "தகட்டுல வெள்ளை பெயிண்ட் அடி. வெளிச்சம் சமமா எறங்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்களை வாளிக்கு மாற்றித் தோட்டத்துப் பக்கம் வைத்துவிட்டு, வெள்ளை அடித்த புதுத் தகட்டை மூடியில் முடுக்கினான். சடையன் சொன்னது பொய்யில்லை. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"வள்ளி, வந்து பாரு!"

அவள் சுவரைத் தடவியபடி வந்து உட்கார்ந்தாள். "அடேயப்பா! இப்பத்தாங்க நல்லா தெரியுது. அந்த செவப்பு மீனு இன்னா ஜோரா நீஞ்சிக்கினு போவுது!"

தொட்டியில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

பழனி திருப்புளியைக் கீழே வைத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "வள்ளி, மீனுங்க வாளில இருக்குது. எத்தினி நாளா இப்பிடி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ரசக் கண்ணாடி வெச்சீங்களே, அப்பவே போயிடுச்சுங்க. வெளிச்சம் எந்தப் பக்கம்னு மட்டும் தெரியும். நீங்க வேலையெல்லாம் வுட்டுட்டு ஒவ்வொண்ணா ஒட்டிக்கினு இருந்தீங்க. தெரியலன்னு எப்பிடி சொல்றது?"

அவன் மூன்று மாதமாக விளக்கைத்தான் திருத்தியிருக்கிறான். ஒருநாள்கூட அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். சர்க்கரையால் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்து நரம்பு போய்விட்டது, முன்னாடியே வந்திருந்தால் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள்தான் அவன் கையைப் பிடித்துத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

ஆடியில் மிச்சமிருந்த வெளிச்சமும் போனது. அவள் வாசற்படியில் தடுக்கி விழுந்த அன்று, வெளிச்சமாவது தெரிகிறதா என்று பழனியே கேட்டான். இந்த முறை அவள் மறைக்கவில்லை. மறுவாரம் அவன் கடையைக் காலி செய்து, காயில் கட்டும் மிஷினை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டான்.