நான்கு நிமிடப் பாலம்

சார்ஜன்ட் பண்டார குறிப்புப் புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தார். கிருஷ்ணகுமாரின் கையெழுத்தில் நான்கு வரிகள் இருந்தன.

பாலம். 7.40 – 7.42.
பாலம். 7.50 – 7.53.
பாலம். 8.05 – 8.09.
8.07 ரயில்.

"கடைசி வரி எதுக்கு?"

அவர் சிங்களத்தில் கேட்டார். கிருஷ்ணகுமார் சிங்களத்திலேயே பதில் சொன்னான்.

"படம் எடுத்துக்கிட்டிருந்தப்ப ரயில் வந்துச்சு சேர். அதான் எழுதினேன்."

"ஒரு படத்துக்கு நாலு நிமிஷமா?"

"ஆமா சேர்."

"என் கல்யாணத்துல மொத்தப் படமும் எடுக்க அவ்வளவு நேரம் ஆகல."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை.

1998ஆம் ஆண்டு, போர்க்காலம். ரம்புக்கனைக்குக் கீழே உள்ள ரயில் பாலத்தருகே, மூன்றுகால் தாங்கியில் கமராவைப் பொருத்தி ஒரு தமிழன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொலிஸுக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான். எட்டரை மணிக்கு ஜீப் வந்தது.

கமரா மேசையில் இருந்தது. பக்கத்தில் கடிகாரம். அதன் பக்கத்தில், சிறிய மரச்சட்டத்தில் பொருத்திய ஒரு கறுப்புக் கண்ணாடி. சார்ஜன்ட் அதை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். விளக்கின் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியல."

"தெரியாது சேர். வெளிச்சத்தக் குறைக்கிறதுக்குத்தான் அது. லென்சுக்கு முன்னால வெச்சா பகல்லயும் ரொம்ப நேரம் திறந்து வைக்கலாம். அப்படி எடுத்தா ஆத்துத் தண்ணி படத்துல பால் மாதிரி விழும்."

"எங்க வாங்கின?"

"வெளிநாட்டுல இதுக்குன்னே ஃபில்டர் விக்கிறாங்க. நம்மளால வாங்க முடியாது. இது வெல்டிங் கண்ணாடி. மாவனல்லையில ஒரு வெல்டிங் கடையில வாங்கினேன்."

"குருடனுக்குக் கண்ணாடி" என்றான் கான்ஸ்டபிள்.

கிருஷ்ணகுமார் மாவனல்லையில் அப்துல் ரஸாக்கின் ஸ்டூடியோவில் வேலை செய்தான். கல்யாணப் படம், அடையாள அட்டைப் படம். அடுத்த வருடக் கலண்டருக்கு ஆற்றுப் படம் ஒன்று வேண்டும் என்று ரஸாக் சொல்லியிருந்தார். அந்த ஆறு பாலத்துக்கு அடியில்தான் பாறைகளில் விழுந்து ஓடுகிறது. ஆற்றை எடுத்தால் பாலமும் வரும்.

"நாலு மணிக்கு ஜீப் மேலிடத்துக்குப் போகும்" என்றார் சார்ஜன்ட். "பாலத்தை அளந்தவனை நான் இங்க வெச்சிருக்க முடியாது."

மேலிடம் என்றால் என்ன என்று கிருஷ்ணகுமாருக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் அவன் மனைவியின் தம்பி சுதாகரனைக் கொண்டுபோனார்கள். அவர்கள் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வெளியாள் ஒருவன் இரண்டு நாள் தங்கியிருந்தான். யாரும் பொலிஸுக்குச் சொல்லவில்லை. சுதாகரன் மூன்று மாதம் கழித்து வந்தான். அதன் பிறகு அவன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அவன் வந்த வாரமே பொலிஸ் லயத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனது: இனி நீங்கள் முதலில் சொன்னால் ஒருவனோடு போகும், நாங்கள் கண்டுபிடித்தால் எல்லாரும் வரவேண்டும்.

"ஃபில்மைக் கழுவிப் பாருங்க சேர். கறுப்பு வெள்ளைதான். ஸ்டூடியோவுலயே கழுவலாம். ஆறு இருக்கும்."

சார்ஜன்ட் கடிகாரத்தைப் பார்த்தார். அது கிருஷ்ணகுமாரின் கடிகாரம்.

"ஆறு இருந்தா வீட்டுக்குப் போ. நீ சொல்ற நேரமும் படமும் பொருந்தணும். பொருந்தலன்னா ஜீப்."

மாவனல்லைக்குப் போகும் வழியெல்லாம், யார் சொல்லியிருப்பார்கள் என்று அவன் ஆட்களை எண்ணினான். பாலத்தடியில் தேநீர் கொடுத்தவர். அவர் இரண்டு தடவை கமராவைப் பார்த்தார். குளித்துக்கொண்டிருந்த இருவர். பாலத்தின் ஓரப் பலகையில் சந்தைக்கு நடந்த சனம். முந்தின நாள் கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்த தச்சன். காலையில் லயத்தை விட்டுக் கிளம்பும்போது "பையில என்னா அண்ணே?" என்று கேட்ட பெண். இவர்கள் யாரையும் நேற்றுவரை அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

ரஸாக் ஜீப்பைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ரஸாக் நானா, ஃபில்மக் கழுவணும்" என்றான் கிருஷ்ணகுமார்.

"நீ வாயப் பொத்திட்டு இரி" என்றார் ரஸாக் தமிழில். பிறகு சிங்களத்தில், "வாங்க சேர், ப்ளேன்டீ குடிப்பீங்களா?"

சார்ஜன்ட் தேநீர் வேண்டாம் என்றார். இருட்டறைக்குள் தானும் வருவேன் என்றார்.

"ஃபில்மை வெளியில எடுக்கிறப்ப லைட்ட அணைக்கணும் சேர்" என்றார் ரஸாக்.

"அணைக்காம செய்."

"அணைக்காட்டி ஒண்ணுமே இருக்காது. கறுப்புத்தான்."

சார்ஜன்ட் யோசித்தார். கிருஷ்ணகுமாரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இப்ப அணை."

விளக்கு அணைந்தது. ரஸாக்கின் விரல்கள் ஃபில்மைச் சுருளில் ஏற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு தட்டு விழுந்தது. பிடி இறுகியது. வியர்த்திருந்தது யாருடைய கை என்று தெரியவில்லை.

அரை மணி நேரத்துக்குப் பிறகு ரஸாக் ஈர ஃபில்மை விளக்குக்கு எதிரே பிடித்தார். மூன்று படங்கள் இருந்தன. முதல் இரண்டும் வெளிறிப் போயிருந்தன. மூன்றாவது சரியாக வந்திருந்தது. ஆறு இருந்தது. பாறைகள் இருந்தன. பாலம் இருந்தது.

பாலத்தில் யாரும் இல்லை.

"8.07க்கு ரயில்னு எழுதியிருக்கே" என்றார் சார்ஜன்ட். "ரயில் எங்க?"

கிருஷ்ணகுமார் ஃபில்மின் பக்கம் குனிந்தான்.

"இன்னைக்குச் சந்தை. எட்டு மணிக்கு அந்தப் பலகையில நிக்க இடமிருக்காது. என் ஆள் ரெண்டு பேர் அப்ப நடந்து போனாங்க. அவங்க எங்க?"

"அசையிறது விழாது சேர். நாலு நிமிஷத்துல ஒரு ஆள் ஒரு இடத்துல ஒரு செக்கன்தான் இருப்பான். அது பதியாது. அசையாம நிக்கிறது மட்டும்தான் விழும்."

"ரயிலுமா?"

"ரயிலும்தான்."

"ஒரு ரயிலையே காணாம ஆக்கிட்ட." சார்ஜன்ட் ரஸாக்கைப் பார்த்தார். "யாரும் இல்லாத நேரம் வந்திருக்கான். விடியிறதுக்கு முன்னால. நேரத்தை மாத்தி எழுதியிருக்கான்."

"பெருசாப் போட்டுப் பார்ப்போம் சேர்" என்றார் ரஸாக்.

சிவப்பு விளக்கில், தட்டில் கிடந்த தாளில் படம் மெல்ல வந்தது. முதலில் பாறைகள் கறுத்தன. பிறகு பாலத்தின் இரும்பு. ஆறு வெள்ளையாகவே கிடந்தது. ரயில் போன இடத்தில், கவனித்துப் பார்த்தால், ஒரு சாம்பல் கீற்று. அது பதிவில் ஏற்பட்ட கறை என்றும் சொல்லலாம்.

பிறகு, பாலத்தின் இடது கோடியில் ஓர் ஆள் வந்தான்.

சின்ன உருவம். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய சாரம், ஊன்றிய இரண்டு கால்கள். சட்டைக் கொலருக்குப் பின்னால் மாட்டித் தொங்கவிட்ட குடை. முகம் மட்டும் கலைந்திருந்தது.

சார்ஜன்ட் தட்டின் மேல் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"இவர் எட்டு மணிக்கு அங்கதான் நின்னார்" என்றார்.

"யார் சேர்?"

சார்ஜன்ட் அவனைப் பார்த்தார். தான் பேசியிருக்கக் கூடாது என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"அது உனக்குத் தேவையில்ல."

அவர் கத்தரிக்கோல் கேட்டார். மூன்றாவது படத்தை ஃபில்மிலிருந்து வெட்டினார். ஈரத் தாளையும் அதையும் குறிப்புப் புத்தகத்துக்குள் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கமரா, கடிகாரம், கண்ணாடி எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

"நீ சொன்ன நேரம் சரி. இன்னொரு தடவை பாலம் வேணும்னா முதல்ல கடிதம் எழுது."

பஸ்ஸில் அவன் கண்ணாடியை மடியில் வைத்திருந்தான். தகவல் சொன்னவன் எந்த நேரத்தில் எங்கே நின்றான் என்று பொலிஸுக்குத் தெரியும். அப்படியென்றால் நின்றவன்தான் சொன்னவன். கொலரில் குடை மாட்டுகிறவர்கள் லயத்தில் மட்டும் இருபது பேர் இருப்பார்கள். தோட்டம் முழுவதும் எண்ண முடியாது.

அவன் கண்ணாடியைத் திருப்பினான். காலையில் அதில் ஏதோ பிசுபிசுப்பு இருந்தது. துணியால் துடைத்துவிட்டுத்தான் லென்சுக்கு முன்னால் பொருத்தினான். துணி எட்டாத சட்டத்தின் மூலையில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நகத்தால் இழுத்தான். நூல்போல நீண்டு வந்தது. காய்ந்த ரப்பர் பால்.

அவன் மனைவி நிரோஷா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் ஸ்டூடியோவில். வீட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் ஒருவர்தான்.

மாமனார் அழகமுத்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். குடை கொலரில் இருந்தது.

"வாங்க மாப்புள."

உள்ளேயிருந்து நிரோஷா கேட்டாள். "எங்க இவ்வளவு நேரம்? படம் வந்துச்சா?"

"வந்துச்சு. பொலிஸ்ல எடுத்துக்கிட்டாங்க."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. அழகமுத்து நிமிரவில்லை. கிருஷ்ணகுமார் கண்ணாடியை அவர் பக்கத்தில் வைத்தான்.

"இதுல பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன். நேத்து ராத்திரி. ஒண்ணும் தெரியல." கண்ணாடியை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "ஒண்ணும் தெரியாத கண்ணாடிய எடுத்துக்கிட்டுப் படம் புடிக்கப் போறேன்னா எவன் நம்புவான்?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"சுதாகரன்கிட்டயும் கேட்டேன். ஒண்ணும் இல்லப்பான்னுதான் அவனும் சொன்னான்."

நிரோஷா வாசலுக்கு வந்து நின்றாள். இரண்டு பேரையும் பார்த்தாள்.

"பாலத்துல ஒருத்தரும் விழல" என்றான் கிருஷ்ணகுமார். "ரயில் விழல. பொலிஸ்காரங்க விழல. நீங்க மட்டும் விழுந்திருக்கீங்க. நாலு நிமிசம் அசையாம நின்னிருக்கீங்க. அதப் பாத்துத்தான் என்னைய விட்டாங்க."

"மூஞ்சி?"

"மூஞ்சி கலஞ்சிருச்சு. இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பியிருக்கீங்க."

"யாராச்சும் என்னயப் பாக்குறாங்களான்னு பாத்தேன்."

கீழே ரோட்டில் ஒரு வண்டி போனது. மூவரும் அது போய் முடியும்வரை கேட்டார்கள்.

"அந்தப் படம் இப்ப அவங்ககிட்டயா?"

"ஆமா."

அழகமுத்து குடையைக் கொலரிலிருந்து எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் சிறிது நேரம் கையில் வைத்திருந்தார்.

"அப்ப, பாலத்துல நின்னவன்னு அவங்ககிட்ட இருக்கிறது நான் ஒருத்தன்தான்."

கிருஷ்ணகுமார் கண்ணாடியை எடுத்துத் துணியில் சுற்றினான்.

அழகமுத்து எழுந்து குடையைக் கதவுக்குப் பின்னால் வைத்தார். திரும்பி வந்து படியில் உட்காரவில்லை. உள்ளே போய்ச் சுவரோடு சாய்ந்து, கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.