இரண்டு ப்ராசஸர்கள், ஒரு மாப்பிள்ளை

மத்தியானத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தால் நான் பாதிக் கனவில்தான் இருப்பேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவர் வழியாகக் கசிந்து வரும். திரையில் நான் வரைந்த அன்னங்கள் தாமாகவே நீந்துவதாகத் தோன்றும். பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். “காயத்ரி கனவு காணறதுக்கும் சேத்துத்தான் கூலி வாங்குது,” என்று அப்பா கேலி செய்வார்.

அன்றைக்கு அந்த அறையில் இரண்டு புதுக் கம்ப்யூட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று என் அத்தை மகன் உதயகுமார் பொருத்தியது. இன்னொன்று அருள் பொருத்தியது. அருளுக்குக் கூரம் சொந்த ஊர், விவசாயக் குடும்பம். வாலாஜாபாத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சித்திரையில் அப்பாவிடம் சொன்னேன். ஆடி பிறந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

“முதல்ல அந்தப் பையன் வேலை எப்படி இருக்குதுன்னு பாப்போம்மா. உதயனும் ஒண்ணு செய்யட்டும். ரெண்டுத்தையும் ஓட்டிப் பாத்துட்டு எதுன்னு முடிவு பண்ணலாம்.”

அவர் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். உதயனுக்கு என்னைக் கட்டிவைக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. ஜாதகம் போதாதென்று ப்ராசஸரையும் பார்த்துப் பெண் கொடுக்கிற தகப்பன் இந்தக் காஞ்சிபுரத்திலேயே எங்கப்பா கைலாசம் ஒருத்தராகத்தான் இருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

உதயன் போட்டிருந்த ப்ராசஸரில் வேலை செய்கிற கோர்கள் நிறைய. ஆனால் ஒவ்வொன்றும் நிதானம். அருள் போட்டதில் கோர்கள் குறைவு. ஒவ்வொன்றும் படு வேகம். நிதானமாக நெய்கிற பத்துப் பேர் இருக்கும் வீடு ஒன்று, வேகமாக நெய்கிற இரண்டு பேர் இருக்கும் வீடு ஒன்று என்று முந்தின வாரமே அப்பாவுக்கு விளக்கினேன்.

“பத்து தறி இருந்தா முதல் வூடு முந்தும். ஒரே தறின்னா எத்தினி பேர் உக்கார முடியும்? ரெண்டாவது வூடுதான்,” என்றார் உடனே.

வயிற்றில் பாலை வார்த்தார். எங்கள் டிசைன் சாஃப்ட்வேர் ஒரே கோரைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். அருள்தான் ஜெயிக்க வேண்டும்.

மயிலும் யாளியுமாக அடைத்துக்கொண்டு நிற்கும் என் பெரிய முந்தானையை இரண்டிலும் திறந்தேன். தறிக்கு ஏற்ற ஃபைலாக மாற்றச் சொல்லி இரண்டையும் ஒன்றாகத் தட்டிவிட்டேன். அப்பாவும் அருளும் உதயனும் பின்னால் நின்று பார்க்க, இரண்டு பச்சைக் கோடுகள் நகரத் தொடங்கின. அருளுடையது முன்னால் ஓடியது. நான் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.

அப்போது எங்கிருந்தோ சந்தன வாசனை வந்தது. கண்ணை மூடினேன். ஏதோ ஒரு மண்டப வாசல். யாரோ பன்னீர் தெளிக்கிறார்கள். என் மயில்கள் முந்தானையிலிருந்து இறங்கி, ஈரத் தரையில் கால் பதியாமல் நடந்து உள்ளே போகின்றன. நானும் அவற்றின் பின்னால் போகிறேன். உள்ளே வெளிச்சம் மஞ்சளாக, இதமாக இருந்தது.

ஃபேன் அலறிய சத்தத்தில் விழித்தேன். அருளின் கோடு பாதியில் முக்கிக்கொண்டிருந்தது. உதயனுடையது முடிந்தேவிட்டது. அருள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாக்குகூடச் சொல்லவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

உதயனுக்குத்தான் ஜெயித்தது பொறுக்கவில்லை. “இது தப்பு மாமா. இந்த வேலைக்கு அவனுதுதான் முந்தணும். டெம்பரேச்சர் பாருங்க, கொதிச்சுக்கினு இருக்குது, சூடு ஏறுனா தானா வேகம் கொறையும்!” என்றவன் கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியைத் திறந்து, ப்ராசஸர் மேலிருந்த கூலரைக் கழற்றினான்.

பளபளப்பான தகட்டில் கெட்டிச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம். சூட்டைக் கூலருக்குக் கடத்த வேண்டிய பேஸ்ட் தகட்டில் படாமல் அதைச் சுற்றி வழிந்திருந்தது.

“யார் வேலைடா இது?” என்றான் உதயன்.

அருள் தயங்கினான். “நேத்து இங்க பொருத்தும்போது டீ குடிக்கப் போயிட்டு வந்தேன், காயத்ரியோட அப்பா வெச்சிருந்தாரு. அவரு கையால வெச்சதை நான் எப்படிபா தொடைக்கிறது? அதும் மேலயே பேஸ்ட் தடவி மூடிட்டேன்.”

அடப்பாவி, தோற்றுப்போவாய் என்று தெரிந்துமா? அவனை அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது எனக்கு.

உதயன் அப்பாவின் பக்கம் திரும்பினான். “நேத்து என்னுதும் திறந்துதான் கிடந்தது. எனக்கு ஏன் மாமா வெக்கலை?”

“நீ வூட்டுப் பையன்டா,” என்றார் அப்பா. “வூட்டுக்கு வர்றவங்களுக்குத்தான சந்தனம் வெப்பாங்க?”

பக்கத்து வீட்டில் தறி நின்றிருந்தது. எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

“நேத்தே முடிவு பண்ணிட்டியாப்பா? அப்ப இந்தப் போட்டி எதுக்கு?”

“உங்க அத்தைகிட்ட சொல்றதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணாமா? இவனுதுதான் முந்தும்னு தெரிஞ்சுதான் இன்னிக்குப் போட்டி வெச்சேன். சந்தனத்தை வெச்சு நானே கெடுத்துக்கினேன் பாரு.”

உதயன் சிரித்தே விட்டான். “எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன் மாமா,” என்று பஞ்சை எடுத்து அருளிடம் நீட்டினான்.

அருள் அதை வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். “தொடைக்கட்டுங்களா?”

“தொடைப்பா,” என்றார் அப்பா. “உனக்கு நெத்தியிலயே வெக்கறேன்.”